தண்ணீர் கொய்கிற வளைவு

பிள்ளை,

இன்று காலை மருமகன் குசினித் தொட்டியின் வெடிப்பை அடைக்க ஒரு பசையைக் குழாயிலிருந்து பிதுக்கினார். வினாகிரிப் புளிப்பு மணம் எழும்பி முற்றம்வரை வந்தது. நான் மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்தேன். மணத்தோடு உங்கள் குரலும் வந்துவிட்டது. "ஐயா, கை வையாதேங்கோ. காயிறதுக்கு முதல் தொட்டால் பிறகு ஒழுகும்." திரும்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு பெட்டைக்கோழி மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றது.

நீங்கள் முதன்முதலில் இந்த முற்றத்துக்கு வந்த கிழமையும் இதே மணம்தான். கண்ணாடி மாதிரியான பலகைகளை இறக்கி, நீளமாக ஒரு தொட்டி செய்து, அதன் மூலைகளுக்கெல்லாம் இந்தப் பசையைப் பூசிக்கொண்டிருந்தீர்கள். "என்ன பிள்ளை, அச்சாறு போடப் போறியளோ?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே, "ஓம் ஐயா, தண்ணியில அச்சாறு," என்றீர்கள். அந்தப் பதிலோடுதான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல மகள் எழுதுகிறாள். என் கதையை அவள் எழுத்து வழக்குக்கு மாற்றிப் போடுகிறாள். எனக்கு விளங்காத சொல்லைப் போட்டால் வாசிக்கச் சொல்லி, வெட்டச் சொல்லுகிறேன். உங்களோடு வேலை செய்தவர்கள் நினைவு மலர் போடுவதற்காக வந்து நாலு வசனம் கேட்டார்கள். "நல்ல பிள்ளை, வெயில் பாராமல் வேலை செய்தவா," என்று சொல்லி அனுப்பினேன். அப்படியே அச்சடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அப்படி எவரைப் பற்றியும் சொல்லலாம். உங்களைப் பற்றிச் சொல்ல இருந்ததை அந்த மலரில் சொல்ல முடியாது. அதனால் இது.

எங்கள் வளைவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை மகள் எழுதுவதால், அவளுக்காகவும் சொல்லுகிறேன். குளம் நிரம்பி வான் பாய்கிறபோது கதவு திறந்து விடுகிற தண்ணீர், வயலுக்குப் போகிற தண்ணீர் இல்லை. அது குளத்துக்கு மிஞ்சிய தண்ணீர். அது வான் வாய்க்காலால் இறங்கி, நேரே வந்து, எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் கரையில் மோதுகிறது. கரை வெறும் மண். கரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். ஒவ்வொரு மாரிக்கும் கரை கொஞ்சம் எங்கள் பக்கம் வரும். கல் பதித்துத் தரச் சொல்லி நீர்ப்பாசன இலாகாக் கந்தோரில் கேட்டுக் கேட்டு எங்கள் சனத்துக்கு வாய் வலித்துப்போனது. இந்த மண் தாங்கும் என்றார்கள். தாங்காது என்றோம். தாங்காதென்று என்னத்தை வைத்துச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்களிடம் வைத்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நேரம்தான் நீங்கள் வந்தீர்கள். தண்ணீர் ஓடும்போது கரையை எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கிற கருவிகளைப் பற்றி கம்பஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தீர்கள். கந்தோரில் நீங்கள் போய்க் கதைத்ததற்கு அவர்கள் சொன்ன மறுமொழியை எனக்கு வந்து சொன்னீர்கள். மாரியின் முதல் வெள்ளத்தில் அளந்து காட்டட்டும். மண் தாங்குவதைவிடத் தண்ணீரின் இழுவை கூட என்று எண் சொன்னால், இந்த வளைவைக் கல் பதிக்கிற வேலையில் முதலாவதாகப் போடுவோம். ஆனால் கருவி சொல்லுகிற எண் சரியென்று முதலில் நிரூபிக்க வேண்டும். இதுதான் அவர்கள் சொன்னது. எங்கள் வீடுகள் எல்லாம் அன்றைக்கே உங்கள் கையில் வந்துவிட்டன. நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

கருவியை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கரையைக் காப்பாற்றப் போகிற சாமான் என்றால் ஒரு பெரிய இரும்பாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளைப் பெட்டி. அதன் வாயில் தீப்பெட்டி முகமளவு ஒரு தட்டு. தட்டைச் சுற்றி ஒரு மயிர் போகிற இடைவெளி. கீழே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகட்டுக் கால்களில் அந்தத் தட்டு நிற்கிறது என்றீர்கள். மேலால் தண்ணீர் ஓடினால் தட்டு ஓடுகிற பக்கம் ஒரு துளி நகரும், அந்த நகர்வைக் கம்பி கணினிக்குக் கொண்டுபோய் எண்ணாகக் காட்டும். "ஈ நடந்தாலும் இதுக்குத் தெரியும் ஐயா," என்றீர்கள்.

அப்போது என் மனுசி பாக்கியம் உள்ளேயிருந்து கேட்டாள், "அப்ப ஏம்மா, ஆத்துல யானை நடந்தா?"

பாக்கியத்தின் பேச்சு உங்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பிறகு லொறியில் ஏறி இந்த வன்னிக் காட்டுக்கு வந்தவர்கள். வயலிலும் கூலியிலும் இங்கத்தைச் சனத்தோடு கிடந்து என் நாக்கு மாறிவிட்டது. அவள் நாக்கு மாறவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என்னை "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அளவு பிடிக்கிற வேலையை இந்த மாமரத்துக்குக் கீழே ஒரு மேசையில் செய்தீர்கள். கலிபிரேசன் என்று நீங்கள் சொன்னது எனக்கு வாயில் நிற்கவில்லை. அளவு பிடிக்கிறது என்று நான் வைத்த பெயரை நீங்களும் எடுத்துக்கொண்டீர்கள். ஒரு பட்டு நூலைத் தட்டில் ஒட்டி, சின்னக் கப்பி ஒன்றின் மேலால் விட்டு, மறுமுனையில் நகைக்கடைத் தராசுப் படிக்கல் மாதிரிச் சின்னச் சின்னப் படிகளைத் தொங்கவிடுவீர்கள். ஒவ்வொரு படிக்கும் கணினியில் என்ன எண் வருகிறது என்று பார்ப்பீர்கள். ஏற்றிப் பார்ப்பீர்கள், இறக்கிப் பார்ப்பீர்கள். இதற்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"தண்ணி எவ்வளவு இழுக்குமெண்டு எனக்குத் தெரியாது ஐயா. ஆனால் இந்த நூல் எவ்வளவு இழுக்குதெண்டு தெரியும். முதல் நூலைக் காட்டி இதைப் பழக்கினால், பிறகு தண்ணி இழுக்கேக்க இது சரியாச் சொல்லும்."

பிறகு நூலைக் கழற்றி, அந்த நீளத் தொட்டியின் அடியில் கருவியைப் பதித்து, தொட்டியைச் சரித்துத் தண்ணீர் விட்டுப் பார்ப்பீர்கள். சரிவும் ஆழமும் அளந்து கணக்குப் பார்த்தால் ஒரு எண் வரும். கருவி ஒரு எண் சொல்லும். இரண்டும் ஒத்துவந்தால் உங்கள் முகம் மலரும். ஒத்துவராத நாளில் பாக்கியம் ஊற்றி வைத்த பிளேன்ரீ கோப்பையில் ஆறிப்போய்க் கிடக்கும். காற்றுப் பட்டால் ஆகாது. மத்தியானச் சூடு ஏறினால் ஆகாது. நான் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன், கோழி கலைப்பேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. கோழிக்குக் காவல், அவ்வளவுதான்.

சைபரைப் பற்றி உங்களுக்கு ஒரு பித்து இருந்தது. படி எல்லாவற்றையும் எடுத்தபிறகு தட்டு பழைய இடத்துக்குத் திரும்பி, கணினி சைபர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்குப் பிடித்த அளவு முழுதையும் அழித்துவிடுவீர்கள். "சும்மா இருக்கேக்க சைபர் காட்டாத ஒண்டை, வேலை செய்யேக்க நம்பேலாது," என்பீர்கள்.

"அப்ப எங்கட மருமகனைக் கொண்டுவந்து வையுங்கோ," என்றேன். "சும்மா இருக்கேக்க சுத்தச் சைபர்."

நீங்கள் படியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். பாக்கியம்தான் என்னை ஏசினாள். மகள் இதை எழுதும்போது என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். எழுது பிள்ளை, அவர் தொட்டி அடைக்கிறார், இப்போது சைபர் இல்லை.

ஒரு நாள் கேட்டேன், இந்த இழுவைக்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று. கொய்வுத் தகைப்பு என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குப் படித்த சொல்லாம். தகைப்பு எனக்கு விளங்கவில்லை. கொய்வு விளங்கியது.

"கொய்யிறதோ? என்ர அம்மா கொழுந்து கொய்தவா," என்றேன்.

நீங்கள் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டீர்கள். எப்படிக் கொய்வா என்று கேட்டீர்கள். அம்மாவின் கையை நான் சின்ன வயதில் பார்த்ததுதான். ஆனால் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. செடியை அவ பிடிக்கமாட்டா. கை மேலால் போகும், காற்றுப் போகிற மாதிரி. நுனி மட்டும் விரலில் வரும். செடி அசைந்ததா இல்லையா என்று தெரியாது. பொழுதுபடப் பார்த்தால் மலைச்சரிவு முழுக்க நுனி இருக்காது. அதைச் சொன்னேன்.

நீங்கள் உங்கள் கையை மேசைக்கு மேலால் அப்படி ஒருமுறை கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். பிறகு, "அதுதான் ஐயா," என்றீர்கள். "வெள்ளம் கரையை இடிக்குதெண்டுதான் எல்லாரும் நினைக்கினம். அது பிடுங்கிறதில்லை. மேலால போகும். போகேக்க ஒவ்வொரு மண்ணாக் கொய்துகொண்டு போகும். அடியில கொய்து முடிஞ்ச பிறகுதான் மேல் கரை விழும். விழுறதை மட்டும் நாங்கள் காணுறம்."

அன்றைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொய்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டோம். "இண்டைக்கு எவ்வளவு கொய்யுது?" என்று நான் கேட்பேன். நீங்கள் எண்ணைச் சொல்லுவீர்கள். எண் எனக்கு விளங்காது. கூடவா குறைவா என்பது உங்கள் குரலில் விளங்கும்.

கருவிகள் எல்லாவற்றுக்கும் அளவு பிடித்து முடிந்தது ஒரு வியாழக்கிழமை. கரையில் அவற்றைப் பதிக்க சீமெந்துக் கட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு குழி விட்டு, எல்லாம் தயாராக இருந்தன. வெள்ளிக்கிழமை பதிக்கலாம் என்று, கருவிகளை எங்கள் வீட்டு மேசையில் வரிசையாக வைத்து, வெள்ளைத் துணியால் மூடிவிட்டு நீங்கள் கிளிநொச்சிக்குப் போனீர்கள். வானம் கறுத்திருந்தது. குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. "தொடாமல் இருந்தால் காணும் ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்குச் சொன்னீர்கள். பாக்கியம் அப்போது கிணற்றடியில் இருந்தாள்.

வெள்ளி விடிய நான் குளக்கட்டுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது நீங்களும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தீர்கள். வாசலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நின்றோம். மேசையில் துணி மடித்து வைத்திருந்தது. கருவிகளுக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. ஒவ்வொரு கருவியின் முகத்திலும், அந்தத் தட்டின் நடுவில், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

பாக்கியம் தலை முழுகி ஈரக் கொண்டையோடு நின்றாள். "என்னங்க, பாத்தீங்களா, சாமி மாதிரி இருக்கு," என்றாள்.

நீங்கள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றீர்கள். "ஆர் அம்மா வைச்சது?"

"நாந்தாம்மா. புதுசா தண்ணிக்குள்ள எறங்கப் போவுது. வெறும் நெத்தியோட எறக்கலாமா? ஒழுங்கா கட்டையில உரசி எடுத்த சந்தனம். குங்குமம் வத்தாப்பள அம்மன் கோயிலு குங்குமம். இனி அவ பாத்துக்குவா."

இங்கே ஒரு உழவு மெசின் வந்தாலும், மோட்டார் சைக்கிள் வந்தாலும், புது மண்வெட்டி வந்தாலும் அவள் அப்படித்தான் செய்வாள். அவள் மட்டுமில்லை, இந்தக் குடியிருப்பில் எந்தப் பெண்ணும் செய்வாள். வைக்காமல் விட்டிருந்தால்தான் ஏன் என்று கேட்டிருப்போம்.

உங்கள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று வந்து போனது. வந்தது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும். பிறகு நீங்கள் சிரித்தீர்கள்.

"நல்ல வடிவாய் இருக்கு அம்மா," என்றீர்கள். "ஒரு பிளேன்ரீ தாங்கோ."

அவள் குசினிக்குப் போனதும் நூலையும் கப்பியையும் எடுத்து ஒரு கருவியில் மாட்டினீர்கள். படி தொங்கியது. கணினியில் எண் அசையவில்லை. அடுத்த படி. அசையவில்லை. சந்தனம் அந்த மயிரிழை இடைவெளிக்குள் இறங்கி, காய்ந்து, தட்டைப் பெட்டியோடு பிடித்துவிட்டிருந்தது. பசை போட்டு ஒட்டினாலும் அப்படி ஒட்டாது.

"கழுவினால் சரிவருமோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கழுவலாம் ஐயா. கழுவின பிறகு இது பழைய ஆள் இல்லை. திரும்ப முதலிலயிருந்து பழக்க வேணும்."

ஸ்பிரிட்டும் சின்னத் தூரிகையும் எடுத்துத் துடைக்கத் தொடங்கினீர்கள். ஊசி முனையால் இடைவெளியைத் துழாவினீர்கள். காதோரம் வியர்த்தது. ஒரு கருவியின் உள்ளே ஏதோ மெல்லிய தகடு வளைந்துபோனது. நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். அந்த நேரம் பார்த்து பாக்கியம் பிளேன்ரீயோடு வந்துவிட்டாள்.

"ஏம்மா அழிக்கிறீங்க?" அவள் குரல் விழுந்துபோனது.

"அழிக்கேல்லை அம்மா," என்றீர்கள், நிமிராமல். "மேல இருந்தால் தண்ணியில கரைஞ்சிடும். உள்ளுக்க போற மாதிரித் தேய்க்கிறன்."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி. உள்ளுக்குள்ள இருக்கட்டும்," என்று சொல்லிக் கோப்பையை உங்கள் கைக்குக் கிட்ட வைத்தாள்.

சனி பின்னேரம் மழை பிடித்தது. இங்கத்தை மழை உங்களுக்குத் தெரியும், பிடித்தால் விடாது. ஞாயிறு விடிய வான் கதவு திறந்துவிட்டார்கள். சனம் குடையோடு வான் பார்க்கப் போனது. நீங்களும் நானும் வளைவில் நின்றோம். சீமெந்துக் கட்டைகள் கரையில் இருந்தன. அவற்றின் குழிகள் வெறுமையாக இருந்தன. தண்ணீர் செந்நிறமாக வந்து, திரும்பி, அவற்றின் மேலால் போனது. கருவிகள் எங்கள் வீட்டு மேசையில் பாதி துடைத்தபடி கிடந்தன.

"நாளைக்குத் தண்ணி கொஞ்சம் வடியும். அப்ப வைப்பமே," என்றேன்.

"முதல் வெள்ளம்தான் ஐயா கூடக் கொய்யும். பிறகு வாறதை அளந்தால் குறைவாத்தான் சொல்லும்." தண்ணீரைப் பார்த்தபடி, "குறைவெண்டு சொன்னால் கரை தாங்குமெண்டு எழுதுவினம்," என்றீர்கள்.

ஆனாலும் விட்டுவிட்டுப் போகவில்லை. மழைக்குள் தறப்பாள் கட்டி, மறுபடி நூல், மறுபடி படி. மறுபடி சைபர். தண்ணீர் வடிந்த நேரத்தில் கயிறு கட்டி இறங்கிக் கருவிகளைப் பதித்தீர்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாரி முடியுமட்டும் அளந்தீர்கள். முடிந்தபிறகு கழற்றிக் கொண்டுவந்து, இறக்கும் முன் பிடித்த அளவையும் இறக்கிய பின் பிடித்த அளவையும் ஒப்பிட்டீர்கள். ஒத்துவரவில்லை. எங்கேயோ இடுக்கில் மிச்சமிருந்த சந்தனம் ஊறி இளகி, ஒவ்வொரு நாளும் சைபரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறது. அதைச் சொல்லும்போது உங்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. களைப்புத்தான் இருந்தது.

கந்தோர்க் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள், வளைவுச் சனத்தின் சார்பில். பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். நீங்கள் திரையில் கோடுகள் காட்டிக் கதைத்தீர்கள். கந்தோர்ப் பெரியவர் கெட்ட மனுஷன் இல்லை. கவனமாகக் கேட்டார். முடிவில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"மிஸ், இறக்க முதல் பிடிச்ச அளவும் பிறகு பிடிச்ச அளவும் வேற வேற. இடையில என்ன நடந்தது?"

நீங்கள் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தீர்கள். மூடியைத் திருகி மூடினீர்கள். நான் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டேன். சந்தனம் என்கிற சொல் வாய்வரை வந்துவிட்டது. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். இருந்துவிட்டேன்.

"தூசு போயிட்டுது சேர்," என்றீர்கள். "நான் மூடி வைச்சது காணாது. என்ர பிழை."

"வன்னியில தூசில்லாத இடத்தை எங்க தேடப் போறியள் மிஸ்," என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். இந்த எண்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த மாரிக்கு ஒழுங்காக அளந்து கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்று முடித்தார்கள்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிட்ட நின்று கேட்டேன், "ஏன் பிள்ளை உள்ளதைச் சொல்லேல்லை?"

"சொன்னால் வளைவைப் பற்றி ஒருதரும் கதையார் ஐயா. சென்சருக்குப் பொட்டு வைச்ச சனம் எண்டுதான் நாளைக்கு ஊர் முழுக்கக் கதை. பிறகு அம்மா என்னண்டு இந்த றோட்டால போய் வாறது?" தலைக்கவசத்தைப் போட்டபடி சொன்னீர்கள், "அவவுக்கும் சொல்லாதேங்கோ. அவ நல்லதுக்குச் செய்தது."

நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளதைச் சொல்லியிருந்தாலும் கல் வந்திருக்காது. பிழையான எண் பிழையான எண்தான், தூசு என்றாலும் சந்தனம் என்றாலும். அப்படிச் சொல்லித்தான் மனத்தை ஆற்றுகிறேன். ஆறுகிறதா என்று நீங்கள் கேட்டால், இல்லை.

கோடை முழுக்க நீங்கள் வந்து போனீர்கள். தட்டைச் சுற்றி ஒரு மெல்லிய றப்பர்த் தோல் போட்டால் இனி எதுவும் உள்ளே போகாது என்றீர்கள். "தண்ணி வர முதலே எல்லாத்தையும் இறக்கிப்போடுவம் ஐயா. இந்த முறை முதல் வெள்ளத்தை விடமாட்டன்." பழுதான ஒரு கருவியை மட்டும் கழற்ற மனமில்லாமல் வளைவில் ஒரு கட்டைக்குள் அப்படியே விட்டிருந்தீர்கள். றப்பர்த் தோல் தாங்குமா என்று அதில் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். பாக்கியத்துக்கு அது போதும். பிள்ளையின் மெசின் ஆற்றுக்குள் காவல் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

கிளிநொச்சிச் சந்தையில் நெல்லுக் கடையில் நின்றபோதுதான் எனக்குச் சொன்னார்கள். முதல் நாள் பின்னேரம் நீங்கள் மோட்டார் சைக்கிளில் வவுனியாவுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்களாம். பொழுது பட்டுவிட்டது. ஏ ஒன்பது றோட்டில் மாடுகள் படுத்திருந்திருக்கின்றன. அதற்கு மேல் அவர்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. கடைக்காரர் என்னைச் சாக்கில் இருத்தினார்.

வவுனியாவுக்கு பஸ்ஸில் வந்தோம், பாக்கியமும் நானும். நாங்கள் யார் என்று உங்கள் அம்மா கேட்டா. சொன்னேன். "வளைவு ஐயாவோ? எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதை," என்று என் கையைப் பிடித்துக்கொண்டா. எனக்கு அந்தப் பெயர் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். பாக்கியம் உங்கள் நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரோ வைத்திருந்த பொட்டு கொஞ்சம் விலகியிருந்தது. அவள் விரலை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டாள்.

கருவிகளை எடுத்துப்போக கம்பஸிலிருந்து ஒரு தம்பி வந்தார். பண்பான தம்பி. வேறு யாரும் இந்த வேலையைத் தொடருவார்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஓம் என்றா இல்லை என்றா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

அடுத்த மாரிக்கு ஒருவரும் அளக்கவில்லை. முதல் வெள்ளம் வந்தது. நான் மட்டும் கரையில் நின்றேன். நீங்கள் சொன்னபடிதான் நடந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மேலால் போனது. கரை சும்மா நின்றது. பின்னேரம் கரையில் நின்ற பெரிய மருதமரம் தலையை ஒருமுறை அசைத்தது. பிறகு நின்ற இடத்தோடு இறங்கிப் போனது. அதோடு சீமெந்துக் கட்டையும் போனது, அதற்குள் இருந்த உங்கள் கருவியும் போனது. எந்தத் திசையில் போனது என்றுகூட நான் பார்க்கவில்லை. அவ்வளவு கெதியாக நடந்தது.

பாக்கியத்துக்கு முழங்கால் நோவு, கரைப் பக்கம் இப்போது போகமாட்டாள். மருதமரம் விழுந்தது தெரியும். கட்டை போனது தெரியாது.

இந்தக் கிழமை கிராம அதிகாரி விதானையார் வந்து சிவப்புப் பூசிய கட்டைகள் நட்டுவிட்டுப் போனார். கட்டைக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் பக்கம், உள்ளவர்கள் மழைக்கு முன் வீட்டை விட்டு எழும்ப வேண்டுமாம். காட்டோரம் வேறு காணி தருவார்களாம். மாமரம் கட்டைக்கு இந்தப் பக்கம். நான் மலையிலிருந்து ஒருமுறை எழும்பினேன். சண்டையில் எழும்பிக் கடற்கரைவரை போய், முகாமுக்குள் கிடந்து திரும்பி வந்தேன். அப்போதெல்லாம் எழும்பினால் எங்கேயாவது இருக்கலாம் என்று கால் சொன்னது. இப்போது கால் ஒன்றும் சொல்லவில்லை. கல் வராது பிள்ளை. அளக்கவும் யாரும் வரமாட்டார்கள். இந்த மாரியோடு இந்த இடம் போய்விடும். எனக்குத் தெரிந்த அளவுக்கு அதில் இரண்டு கதை இல்லை.

பாக்கியத்தோடுதான் கரைச்சல். அவள் எழும்பமாட்டாளாம். மகள் கெஞ்சிப் பார்த்தாள், மருமகன் சத்தம் போட்டுப் பார்த்தார். அவளுக்கு ஒரே மறுமொழி. "அந்தப் புள்ள பொட்ட உள்ளுக்குள்ள வச்சுத் தேச்சு எறக்கியிருக்கு. அம்மன் உள்ளுக்குள்ள இருக்கா. இந்த வளைவு போவாது." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தேகம் இல்லை. சீமெந்துக் கட்டை போனதைச் சொன்னாலும், அம்மன் மண்ணுக்குள்ளதான் இருக்கா என்பாள். அதை உடைக்க வேண்டுமென்றால் என்னால் ஒரு வசனத்தில் முடியும். அந்த வசனத்தை நீங்கள் என்னிடம் தந்து, சொல்லாதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டு பேர் தூக்கிய சுமை அது. இப்போது நான் ஒருவன்.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கண் சிவந்திருக்கிறது. "அப்பா, அம்மாவுக்குச் சொல்லுவம். சொன்னாத்தான் அவ எழும்புவா," என்கிறாள். அவள் சொல்வது சரி. சொன்னால் எழும்புவாள். எழும்பிப் போய் அந்தக் காட்டோரத்தில் எந்த முகத்தோடு இருப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வீடும் தன் விரலால் போனது என்று நினைத்துக்கொண்டா? எழுது என்றேன். எழுதுகிறாள்.

பாக்கியம் பிளேன்ரீயோடு வருகிறாள், முழங்காலைப் பிடித்துப் பிடித்து.

"என்னங்க, யாருக்குக் கடுதாசி?"

"அந்தப் பிள்ளைக்கு."

அவள் திடுக்கிடவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு எழுதுவதைப் போலத்தான் கேட்டாள். "நான் வச்ச பொட்டப் பத்தி எழுதினீங்களா?"

"எழுதினன்."

"என்னான்னு?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

"நல்ல வடிவாய் இருந்ததெண்டு."